வீட்டுக் கணினியில் பாடல் தயாரிக்கக் கட்டற்ற மென்பொருள்: எதில் தொடங்குவது?

மோகனம்77 கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் பக்திப் பாடல்களுக்கும் மெல்லிசைப் பாடல்களுக்கும் மெட்டமைத்து வீட்டிலேயே பதிவு செய்து வருகிறேன். பாடுபவள் என் மகள். அவளுடைய சுருதி 5 கட்டை. வயலின் வாசிப்பவர் என் மனைவி. கீபோர்டு என் பொறுப்பு. மிருதங்கம் வாசிக்கும் நண்பர் வெளியூரில் இருப்பதால், அவர் வரும்போது மட்டுமே நேரடித் தாளம் அமைகிறது. மற்ற நேரங்களில் கணினியையே நம்ப வேண்டியிருக்கிறது.

இதுவரை நான் பயன்படுத்தியது யாரோ நிறுவிக் கொடுத்த திருட்டுப் பிரதி. இணையத்தில் பாடல்களை விற்பனைக்கு வைக்கலாம் என்ற எண்ணம் வந்தபிறகு அதைத் தொடர மனம் ஒப்பவில்லை. உரிய விலை கொடுத்து வாங்குவதும் இப்போதைக்கு இயலாது. எனவே கட்டற்ற மென்பொருள்களுக்கு மாற விரும்புகிறேன். கணினி சில ஆண்டுகள் பழையது. 8 ஜிபி நினைவகமும் விண்டோஸ் 10-உம் உள்ளன. இரண்டு உள்ளீடுகள் கொண்ட சிறிய யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், 61 கட்டைகள் கொண்ட மிடி கீபோர்டு ஆகியவை இருக்கின்றன.

குரல் பதிவு, மிடி (வாசிப்பதை ஒலியாக அன்றிச் சுரக் குறிப்புகளாகப் பதிவது), மிக்ஸிங் ஆகிய மூன்றையும் ஒரே மென்பொருளில் செய்ய முடியுமா, அதற்காக லினக்ஸுக்கு மாறியே தீரவேண்டுமா என்பது முதல் ஐயம். கமகம் இல்லாத தட்டையான கீபோர்டு ஒலியை மட்டும்தான் இவை தருமா என்பது அதைவிடப் பெரிய ஐயம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடகரை எழுதுகிறார்:

வணக்கம் நண்பரே. நீங்கள் கேட்ட மூன்று வேலைகளையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டுமென்றால் என் தெரிவு ஆர்டர் (Ardour). பால் டேவிஸ் என்பவர் தொடங்கி, இன்றுவரை முன்னின்று நடத்திவரும் மென்பொருள் அது. ஹாரிசன் நிறுவனம் விற்கும் மிக்ஸ்பஸ் என்ற கட்டண மென்பொருள் ஆர்டரின் மூல நிரலை அடிப்படையாகக் கொண்டதுதான் என்பதிலிருந்தே இதன் தரத்தை நீங்கள் ஊகிக்கலாம்.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குழம்பித் திரும்பிப் போகிறார்கள். ஆர்டரின் மூல நிரல் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் திறந்திருக்கிறது; ஆனால் நேரடியாக நிறுவிக்கொள்ளும் வகையில் அவர்கள் தொகுத்து வைத்திருக்கும் கோப்புக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும். அந்தத் தொகையை நாமே முடிவு செய்துகொள்ளலாம். மாதம் ஒரு டாலர் செலுத்தியும் பெறலாம். பணம் கட்டாமல் இறக்கும் மாதிரிப் பதிப்பில் 10 நிமிடங்களுக்குப் பிறகு ஒலி நின்றுவிடும். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களின் களஞ்சியங்களிலோ இதே ஆர்டர் எந்தக் கட்டணமும் தடையும் இன்றிக் கிடைக்கிறது. விண்டோஸிலேயே தொடர விரும்பினால் சிறு தொகை ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். பல்லாண்டுகளாக ஒரு சிலர் முழுநேரமாக உழைத்து வளர்க்கும் பொருளுக்கு அது அதிகம் அன்று.

ஆர்டரில் பாடகர்களுக்கு மிகவும் உதவும் ஒரு வசதி, ஒரே வரியைப் பலமுறை பாடிப் பதிந்து, அவற்றில் நல்ல துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து இணைப்பது. வெட்டுவதும் ஒட்டுவதும் மூலப் பதிவைத் தொடுவதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் பின்னோக்கிச் செல்லலாம். 8ஆம் பதிப்பில் மிடி சுரங்களின் அழுத்தத்தை ஒவ்வொரு சுரத்தின் கீழும் சிறு கோடுகளாகக் காட்டி, இழுத்து மாற்றும் வசதி வந்த பிறகு மிடி வேலையும் எளிதாகிவிட்டது. அதற்கு முன் அந்தப் பகுதி சற்று அலுப்பூட்டுவதாகத்தான் இருந்தது.

இணையத்தில் தேடினால் முதலில் எல்எம்எம்எஸ் பெயர்தான் உங்கள் கண்ணில் படும். சிறிய, இலகுவான, அழகான மென்பொருள். மிடி அடிப்படையிலான மின்னிசைக்கு மிகப் பொருத்தம். ஆனால் அதன் 1.2 பதிப்பில் மைக் வழியாக ஒலிப்பதிவு செய்யும் வசதியே இல்லை. குரலையும் வயலினையும் மையமாகக் கொண்ட உங்களுக்கு அது முதன்மை மென்பொருளாக இருக்க முடியாது. ஆடாசிட்டி இதற்கு நேர் எதிர்: ஒலியைப் பதியவும் சுத்தப்படுத்தவும் சிறந்தது, 3.2 பதிப்பு முதல் எஃபெக்டுகளை ஓடவிட்டுக் கேட்டபடியே மாற்றவும் முடிகிறது. ஆனால் கீபோர்டில் வாசிப்பதை மிடியாகப் பதிய அதில் வழியில்லை. குரல் பதிவில் ஓரிடத்தில் மின்விசிறி இரைச்சலை நீக்க வேண்டுமென்றால் அதைத் திறப்பேன், வேலை முடிந்ததும் மூடிவிடுவேன்.

ரீப்பர் என்ற பெயரையும் சிலர் சொல்வார்கள். அது நல்ல மென்பொருள், தள்ளுபடி உரிமம் 60 டாலர், 60 நாள்கள் சோதித்துப் பார்க்கலாம்; ஆனால் அது கட்டற்ற மென்பொருள் அன்று என்பதால் இந்த இழையில் விட்டுவிடுகிறேன்.

செம்பியன் எழுதுகிறார்:

மேலே நண்பர் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். இருப்பினும், எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு முன்னால் உங்கள் கணினியில் ஒலி எவ்வளவு தாமதமாகத் திரும்புகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இங்கு வந்து “ஆர்டர் சரியில்லை, குரலும் தாளமும் ஒட்டவில்லை” என்று எழுதுகிறவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் ஆர்டரில் இருப்பதில்லை. ஒலி இயக்கியின் அமைப்பில் இருக்கிறது.

கணக்கு எளிது. 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கையை, 1024 என்று வைத்தால், ஒரு வழிக்கே 21 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். மைக்கிலிருந்து கணினிக்குச் சென்று ஹெட்போனுக்குத் திரும்ப 42-ஐத் தாண்டிவிடும். இந்த இடைவெளியில் தன் குரலைக் கேட்டுப் பாடும் எவருக்கும் தாளம் இழுத்துக்கொண்டு போகும். 256 என்று வைத்தால் ஒரு வழிக்கு 5.3 மில்லி விநாடி. இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தாலும் பாடுவதற்குத் தடையிராது. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது என்பதை நினைத்துக்கொண்டால், நாலைந்து மீட்டர் தள்ளி வைத்த ஒலிபெருக்கியைக் கேட்டுப் பாடுவதற்கு நிகரானது இது. பதியும்போது 256 அல்லது 128, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்வது பழைய கணினிகளுக்கு ஏற்ற பழக்கம். பஃபர் பெரிதானால் செயலிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், எஃபெக்டுகள் கூடினாலும் ஒலி வெடிக்காது.

விண்டோஸில் இந்தக் குறைந்த தாமதத்திற்கு ஏஎஸ்ஐஓ இயக்கி தேவை. உங்கள் இன்டர்ஃபேஸைத் தயாரித்தவர்கள் தங்கள் இயக்கியைத் தந்திருந்தால் அதையே நிறுவுங்கள். தராதிருந்தால் ஃப்ளெக்ஸ்ஏஎஸ்ஐஓ என்ற திறந்த மூல இயக்கி இருக்கிறது. இன்டர்ஃபேஸின் முகப்பில் நேரடிக் கண்காணிப்புக்கான குமிழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மகள் தன் குரலைக் கணினியைச் சுற்றாமல் நேராகவே கேட்டுக்கொள்ளலாம். அப்போது பஃபர் அளவைப் பற்றிப் பாடுபவருக்குக் கவலையே இல்லை. ஆனால் மென்பொருள் தன் பங்குக்குப் பதிவைச் சரியான இடத்தில் வைக்கவேண்டும். ஆர்டரின் ஒலி அமைப்புப் பக்கத்தில், வெளியீட்டை ஒரு கம்பியால் உள்ளீட்டோடு இணைத்துத் தாமதத்தை அளக்கும் வசதி உண்டு. ஒருமுறை அளந்துவிட்டால் அதன்பின் பதிபவை தாளத்தோடு ஒட்டியே விழும். ஆடாசிட்டியில் இதே வேலைக்கு இருக்கும் எண் முன்னிருப்பாக −130 மில்லி விநாடி என்று இருக்கும். அது பொதுவான ஓர் ஊகமே தவிர உங்கள் கருவிக்கு அளந்து வைத்தது அன்று, ஆகவே அப்படியே விடவேண்டாம்.

லினக்ஸுக்கு மாறியே தீரவேண்டுமா என்றால், இல்லை. இங்கே பேசப்படும் ஆர்டர், ஆடாசிட்டி, எல்எம்எம்எஸ் மூன்றுமே விண்டோஸிலும் ஓடும். முதலில் மென்பொருளை மாற்றுங்கள், கை பழகட்டும். இயங்குதளத்தைப் பிறகு பார்க்கலாம் என்பதே என் கருத்து. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றியவர்கள் பாட்டை மறந்து கட்டளை வரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காமல் போகவும் வாய்ப்புண்டு. அந்த நிலையில் உபுண்டு ஸ்டுடியோ என்ற லினக்ஸ் வழங்கலை ஒரு பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே கணினியை இயக்கி, இன்டர்ஃபேஸை அது அடையாளம் காண்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். யுஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கான பொதுத் தரத்தைப் பின்பற்றும் இன்டர்ஃபேஸ் என்றால் தனி இயக்கி ஏதும் வேண்டாம். முன்பு லினக்ஸ் ஒலி என்றாலே ஜாக் ஒருபக்கம், பல்ஸ்ஆடியோ ஒருபக்கம் என்று இரண்டு ஒலிச் சேவைகளுக்கும் இடையே பஞ்சாயத்து செய்ய வேண்டியிருந்தது. பைப்வயர் வந்தபின் இரண்டின் வேலையையும் அது ஒன்றே செய்கிறது.

கீரவாணி எழுதுகிறார்:

கமகத்தைப் பற்றிய உங்கள் ஐயத்திற்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் கட்டற்ற மென்பொருள்கள் நமக்குக் கட்டண மென்பொருள்களுக்குக் குறையாத, சில இடங்களில் அவற்றைவிட மேலான, வசதியைத் தருகின்றன என்பது என் துணிபு.

சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்தசைசரை நிறுவுங்கள். கட்டணப் பொருளாக இருந்த இதன் மூல நிரலை 2018-இல் அதை உருவாக்கியவரே வெளியிட்டார். அன்றுமுதல் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். இதில் கீபோர்டின் சுர ஸ்தானங்களை நாமே வகுத்துக்கொள்ளலாம். ஸ்காலா என்ற வடிவில் ஒரு சிறிய உரைக் கோப்பை நோட்பேடில் எழுதினால் போதும்: ஒரு வரியில் பெயர், அடுத்த வரியில் 12 என்ற எண்ணிக்கை, பிறகு வரிக்கு ஒன்றாக 16/15, 9/8, 6/5, 5/4, 4/3, 45/32, 3/2, 8/5, 5/3, 9/5, 15/8, 2/1. கோப்பை எஸ்சிஎல் என்ற பின்னொட்டோடு சேமித்துச் சர்ஜில் ஏற்றிவிட்டு, சங்கராபரணத்தை வாசித்துப் பாருங்கள். வழக்கமான கீபோர்டில் அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கும் (கீபோர்டில் ஓர் அரைச்சுர இடைவெளி 100 சென்ட்). இங்கே 386-இல் நிற்கும். சதுச்ருதி தைவதம் 900-க்குப் பதில் 884. தம்பூராவோடு சேர்த்து ஒலிக்கும்போது கீபோர்டின் காந்தாரம் ஏன் எப்போதும் சற்றுத் தூக்கலாக உறுத்துகிறது என்பதற்கு இந்த 14 சென்ட்தான் காரணம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தக் கோப்பை மட்டும் ஏற்றினால் ஆதார ஷட்ஜம் ‘ஸி’-யில், அதாவது 1 கட்டையில் அமைந்துவிடும். உங்கள் மகளின் சுருதி 5 கட்டை, அதாவது ‘ஜி’. அப்படியே ‘ஜி’-யில் தொடங்கி வாசித்தால் விகிதங்கள் எல்லாம் இடம் மாறி, முன்பிருந்ததைவிட மோசமாக ஒலிக்கும். கேபிஎம் என்ற துணைக் கோப்பு இதற்காகவே இருக்கிறது: மிடி எண் 55-ஐ ஷட்ஜமாகவும் அதன் அதிர்வெண்ணை 196 ஹெர்ட்ஸாகவும் அதில் குறித்துவிட்டால் ஷட்ஜம் சரியான கட்டைக்கு வந்துவிடும். ஜின்ஆட்சப்எஃப்எக்ஸ் என்ற இன்னொரு கட்டற்ற சின்தசைசரும் இதே ஸ்காலா கோப்பை ஏற்கும் என்பதால் ஒரே கோப்பை இரண்டிலும் பயன்படுத்தலாம்.

சுர ஸ்தானம் சரியாவது பாதி வழிதான். தோடியின் காந்தாரத்தை எந்த ஸ்தானத்திலும் நிறுத்தி வைக்க முடியாது, அது அசைந்தால்தான் காந்தாரம். கீபோர்டின் இடப்பக்கம் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் பெரும்பாலான ஒலிகளில் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள் அளவுக்கே நகரும்படி வைத்திருப்பார்கள். சர்ஜில் அதை ஐந்து அல்லது ஏழு என்று விரித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் நிலையில் வைத்து, போர்ட்டமென்டோவைச் சிறிதளவு சேர்த்தால், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் ஜாரு இயல்பாக வரும். சக்கரத்தைப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். வாசித்து முடித்தபின் ஆர்டரில் அந்தச் சக்கரத்தின் அசைவைக் கோடாகத் திறந்து, கம்பிதம் (சுர அசைவு) அதிகமாகிவிட்ட இடங்களைக் கையாலேயே திருத்தலாம். மிடியில் இந்த அசைவுக்கு 16,384 படிகள் உண்டு. ஆகவே நுட்பம் போதவில்லை என்று மிடியைக் குறைகூற இடமில்லை.

அதற்காக இதில் நாகஸ்வரமும் வீணையும் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். மேற்கத்திய வாத்தியங்களுக்குச் சாலமாண்டர் கிராண்ட் பியானோ போன்ற அருமையான இலவச சாம்பிள்கள் உள்ளன. ஒரு யமஹா சி5 பியானோவின் சுரங்களைப் பதினாறு வெவ்வேறு அழுத்தங்களில் பதிந்து வைத்திருக்கிறார்கள், ஸ்ஃபிஸ் என்ற ப்ளக்-இன்னில் ஏற்றிக்கொள்ளலாம். நம் வாத்தியங்களுக்கு அந்தத் தரத்தில், தாராளமான உரிமத்தோடு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. உங்கள் வீட்டிலேயே வயலின் இருக்கும்போது வயலின் சாம்பிளைத் தேடவேண்டிய தேவையும் இல்லை. கீபோர்டில் வீணையைப் போலி செய்வதைவிட, வீணை அல்லாத ஓர் ஒலியில் நல்ல கமகத்தோடு வாசிப்பது கேட்பதற்கு நேர்மையாக இருக்கும் என்பது என் தனிப்பட்ட கருத்து, மறுப்பவர்கள் இருக்கலாம்.

மிருதங்கத்திற்கு ஹைட்ரஜன். இது ட்ரம் மெஷின் வகை மென்பொருள் என்றாலும் எந்த ஒலியையும் இதில் ஏற்றலாம். நண்பர் அடுத்தமுறை ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, இடப்பக்கமான தொப்பியின் தோம், வலப்பக்கமான வலந்தலையின் நம், தின், சாப்பு, மீட்டு ஆகிய சொற்களைத் தனித்தனியாக, மெல்லியதிலிருந்து பலமானதுவரை மூன்று நான்கு அழுத்தங்களில் வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு வாத்தியமாகவும் அழுத்த வேறுபாடுகளை அதன் அடுக்குகளாகவும் ஏற்றினால் உங்களுக்கென ஒரு மிருதங்கம் தயாராகிவிடும். வலந்தலை 5 கட்டைக்குச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் மிருதங்க ஒலிகள் பெரும்பாலும் பயன்படாமல் போவதற்கு அவை வேறு சுருதியில் இருப்பதே காரணம். பேட்டர்னின் நீளத்தை 7/8 என்று வைத்தால் மிச்ர சாபு, 5/8 என்றால் கண்ட சாபு. ஒரே பேட்டர்னைச் சுழலவிடாமல், நடையை அவ்வப்போது மாற்றி, முத்தாய்ப்புகளுக்குத் தனிப் பேட்டர்ன்கள் எழுதி அடுக்குங்கள். முடித்தபின் ஒவ்வொரு சொல்லையும் தனித் தடமாக ஏற்றுமதி செய்து ஆர்டருக்குள் கொண்டுவந்தால், தொப்பிக்கு மட்டும் ஈக்வலைசர் போடுவது போன்ற வேலைகளை அங்கே செய்துகொள்ளலாம்.

மோகனம்77 எழுதுகிறார்:

விரிவான விடைகளுக்கு மிக்க நன்றி. கீரவாணி அவர்கள் சொன்ன கோப்பை எழுதி ஏற்றிக் கேட்டேன். காந்தாரத்தில் உள்ள வேறுபாட்டை என் மனைவி நான் சொல்லாமலேயே கண்டுபிடித்துவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஜிபிஎல் உரிமமுள்ள மென்பொருளில் தயாரித்த பாடலை விற்கலாமா, அல்லது பாடலையும் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டுமா? மேலும், இறுதி மிக்ஸிங்கை வெளி ஸ்டுடியோ ஒன்றில் செய்ய நேர்ந்தால், வேறு மென்பொருள் வைத்திருக்கும் அவர்களுக்கு எதைக் கொடுக்க வேண்டும்?

வடகரை எழுதுகிறார்:

தாராளமாக விற்கலாம். ஜிபிஎல் மென்பொருளின் நிரலுக்குத்தான் பொருந்துமே தவிர, அதைக் கொண்டு நீங்கள் ஆக்கிய பாடலுக்குப் பொருந்தாது. எச்சரிக்கை தேவைப்படுவது சாம்பிள்களில்தான். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தார் நடத்தும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். சிசி0 என்றால் எந்த நிபந்தனையும் இல்லை; சிசி-பிஒய் என்றால் பதிந்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும்; அதோடு என்சி என்று சேர்ந்திருந்தால் விற்பனைக்குரிய பாடலில் அதைத் தொடவே கூடாது. எந்த ஒலி எங்கிருந்து, எந்த உரிமத்தில் வந்தது என்று பாடலின் கோப்புறையிலேயே ஓர் உரைக் கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள். பின்னாளில் யாராவது உரிமை கோரினால் பதில் சொல்ல அது உதவும்.

ஸ்டுடியோவுக்கு ஆர்டரின் செஷன் கோப்பைக் கொடுத்துப் பயனில்லை. அவர்களுடைய மென்பொருளில் அது திறக்காது. ஏற்றுமதிப் பட்டியலில் ஒவ்வொரு தடத்தையும் தனிக் கோப்பாக எழுதும் வழி இருக்கிறது. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் என்று தேர்ந்தெடுத்து, எல்லாத் தடங்களும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே ஆரம்பிக்குமாறு எழுதிக் கொடுங்கள். குரலில் ரிவெர்ப் இல்லாத பிரதி ஒன்றும், நீங்கள் விரும்பும் ரிவெர்ப் போட்ட பிரதி ஒன்றும் தனித்தனியாக வைப்பது நல்லது. பாடலின் வேகத்தையும் சுருதியையும் ஒரு குறிப்பில் சேர்த்துவிடுங்கள். சர்ஜில் வாசித்த தடங்களை மிடியாகக் கொடுக்காமல் ஒலியாகவே மாற்றிக் கொடுப்பது முக்கியம். மிடியாகச் சென்றால் அவர்களுடைய சின்தசைசரில் காந்தாரம் மறுபடியும் 400 சென்டுக்கே போய்விடும்.

ஸ்டுடியோ இல்லாமல் நீங்களே முடிப்பதாக இருந்தால், ஏற்றுமதியின்போது ஒலி அளவை ஆர்டரே அளந்து, நாம் சொல்லும் அளவுக்குச் சரிசெய்து தரும். ஸ்பாட்டிஃபை இயல்பாகப் பாடல்களை −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்தே ஒலிக்கவிடுகிறது என்பதால், அதற்கு மேல் லிமிட்டரால் நசுக்கி உரக்கச் செய்வதில் எந்த ஆதாயமும் இல்லை. உச்சத்தை −1 டெசிபெலில் நிறுத்திக்கொள்ளுங்கள்.